திரை உப்பிய பக்கம்

அத்தியாயம் 14

கறுப்புக் கல்லின் மேல் பெரியவள் விரலை வைத்து இழுத்தாள், தூசியில் கோடு விழுந்தது. போன வாரம் அந்த இடத்தில்தான் நின்றோம். நீங்கள் ஒரு வாரம் காத்திருந்தீர்கள், அவளுக்கு ஒரே ஒரு ராத்திரிதான். ஆனால் யாருடைய தூக்கம் கெட்டது என்று கேட்டால், அவளுடையதுதான்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பெரியவள் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவள். ஆள் குடியிருக்கிற வீட்டிலேயே இடித்துப் பூச வேண்டிவந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் படுத்திருப்பவர் மூக்கில் ஒரு பொட்டுத் தூசி ஏறாமல் வேலையை முடித்துத் தருவாள். எந்நேரமும் கையில் ஈரத்துணி. அதனால் கொத்தனார்கள் அவளுக்கு வைத்த பேர் ஈரத்துணி அக்கா. இந்தப் பன்னிரண்டு நாளாக அந்த ஈரத்துணி, பிறந்த வீட்டில் டேரா போட்டிருக்கிறது.

காரணம், தம்பி பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்கிறான். நெஞ்சு இன்னும் முற்றவில்லை. வீட்டில் ஈரச்சுவர் எதுவும் உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு. பின்னறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. அதைச் சுரண்டி எடுக்காமல் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றுவிட்டார்.

பின்னறை அப்பாவுடைய அறை. அப்பா கல் அறுக்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். கல் தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி இரண்டு வருஷம் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார், உட்கார்ந்தபடியே போனார். அவர் தலை எண்ணெய் சுவரில் வட்டமாக இறங்கியிருந்தது. போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்று தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நாலு மாதத்தில் அந்த வட்டம் மறுபடி மேலே வந்துவிடும்.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சுவரைக் கொத்த ஆரம்பித்த இரண்டாம் நாளிலிருந்து வீட்டுக்குள் இருமல் கேட்டால் என்ன செய்வீர்கள்?

இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் 'ஹ்ம்ம்' என்று ஒரு முனகல். அப்பாவின் இருமலேதான். அம்மா தினமும் கேட்டாள். பெரியவள் இரண்டு தடவை கேட்டாள், இரண்டும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மதியம் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது. ஓடிப்போய், பின்னறையை அடைத்திருந்த பிளாஸ்டிக் திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆளில்லை. ஜன்னல் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இருமல் கேட்ட நாட்களில் எல்லாம் கறுப்புக் கல்லில் கோடு விழுந்தது.

*

காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"சனிக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"எடை ஏறிடுச்சாம். பெட்டி வேற புள்ளைக்கு வேணுமாம். அண்ணி, வீடு ரெடியா?"

பெரியவள் கையிலிருந்த கறுப்புக் கல்லைப் பார்த்தாள். அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்து மெருகேற்றிய உள்ளங்கையளவு துண்டு. காலையில் துடைத்து, பிள்ளைக்கு ஒதுக்கிய அறையில் அலமாரி மேல் வைத்துவிடுவாள். சாயங்காலம் விரலால் இழுத்துப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத தூசியும் கறுப்பில் தெரிந்துவிடும். அது அவளுடைய நீதிபதி, லஞ்சம் வாங்காது.

"ரெடியாயிடும்" என்றாள். "தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"பத்து தடவை அடிச்சேன், எடுக்கல. வேலைல சத்தம் கேக்காது போல. எங்கண்ணன் கார் எடுத்துட்டு வரேன்னாரு. அண்ணி, டாக்டர் திரும்பவும் சொல்லிட்டாரு. கொஞ்சம் தூசி போனாலும் மறுபடி பெட்டிக்குள்ளதான்னு. அப்படிப் போனா வெளிய வருமான்னு சொல்ல முடியாதாம்."

"நான் இருக்கேன்ல."

சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம்.

தம்பி, அதாவது சின்னவன், எட்டரைக்கே சாப்பாட்டுப் பையோடு கிளம்பிவிட்டான். அவனும் கல் அறுப்பவன்தான், அப்பா இருந்த அதே பட்டறை. வேண்டாம்டா என்று பெரியவள் காலில் விழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். 'வேற என்னக்கா தெரியும் எனக்கு' என்பான். இப்போதெல்லாம் அதுகூடச் சொல்வதில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். பிள்ளைக் கவலை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெரியவள் கொத்துவேலையை அதோடு நிறுத்தினாள். முக்கால் சுவர் செங்கல் தெரிய நின்றது. எண்ணெய் வட்டம் இருந்த கால்பாகம் மட்டும் பாக்கி, ஏனோ கடைசிக்கென்று விட்டு வைத்திருந்தாள். அதில் பூஞ்சை இல்லை என்பது அவள் சமாதானம்.

"அண்ணே, இடிச்சதையெல்லாம் தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்குல கட்டி, பின்வாசல் வழியா வெளிய போடுங்க. வெளக்கமாத்தைத் தொட்டீங்க, அப்புறம் நான் பொல்லாதவ."

"பன்னெண்டு நாளா வெளக்கமாத்தைக் கண்ணால பாக்கவிடலையே நீ" என்றார் கொத்தனார். "எம் பொண்டாட்டி கேக்குறா, எந்த வேலைக்குப் போறே, சட்டை இவ்ளோ சுத்தமா இருக்குன்னு."

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நீங்க இருமுவீங்களா?"

"எனக்கு முதுகுவலிதான். இருமலுக்கு வேற ஆளைப் பாரு." சாக்கைக் கட்டியபடியே குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயி மூணு மணிக்கு வரேன். தெனமும் அந்தப் பாக்கிச் சுவத்துக்குக் கீழ தூசி தேஞ்சு கெடக்குது. யாரோ குந்தி எழுந்த மாதிரி. உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

பெரியவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை அவள். ஆனால் நம்பாதவர்களுக்கும் முதுகு இருக்கிறதே.

*

ஒரு மணிக்குள் வீடு முழுக்க ஈரத்துணி போட்டு முடித்தாள். பிள்ளை அறை ஏ.சி.யின் காற்று வழியைப் பார்த்தாள். டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. கதவிடுக்கு, ஒயர் வரும் ஓட்டை, அலமாரியின் முதுகு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தடவினாள். எங்கேயும் ஓட்டையில்லை. பிறகு எப்படி வருகிறது?

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இரட்டை பிளாஸ்டிக் திரை, நடுவில் ஜிப். பின்னறை ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிறவரை பின்னறை வீட்டுக் காற்றைத் தன் பக்கம் இழுக்கும், திரை அந்தப் பக்கம் குழிந்து நிற்கும். தூசிக்கு வீட்டுக்குள் வர வழியில்லை. திரை எப்போது இந்தப் பக்கம் உப்புகிறதோ, அப்போது கதை கந்தல்.

இன்று ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தம்பி மனைவியின் அண்ணன் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக மதிய நேரம் அவள் வீட்டில் இருந்தாள். திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மா மெல்ல நடந்து வந்தாள். கையில் ஒரு டம்ளர். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையும் டம்ளருமாகப் பிடிபட்டுவிட்டாள்.

"என்னம்மா அது?"

"வெந்நீர்."

"யாருக்கு?"

அம்மா திரையைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த ஜிப்பைத் திறந்தியா நீ?"

"கொஞ்சூண்டுதான். டம்ளர் போற அளவுக்கு. உள்ள வெச்சுட்டு உடனே மூடிடுவேன்." அம்மா முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. புதுப்பெண்ணின் வெட்கம் மாதிரி இருந்தது. "இருமுறாருடி. கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல. ரெண்டு வருஷம் ராவும் பகலும் வெந்நீர் கொடுத்த கை இது."

"அம்மா..."

"குடிக்கிறாருடி. மூணு மணிக்குப் போய்ப் பாத்தா காலியா இருக்கு. கவுத்து வெச்சிருக்காரு."

பெரியவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா எங்கே தண்ணீர் குடித்தாலும் காலி டம்ளரைக் கவிழ்த்துத்தான் வைப்பார். வீட்டில், விருந்தில், கடைசியில் ஆஸ்பத்திரியில்கூட. ஒரு தடவை டீக்கடைக்காரன் 'டம்ளர் பிடிக்கலியா' என்று சண்டைக்கு வந்திருக்கிறான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

"அவரு வந்துட்டுப் போறது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "சுவரை இடிக்கிறோம்ல, உக்கார எடம் போகுதேன்னு வராரு. நான் ஒண்ணும் பயப்படல. நல்லாத்தான் இருக்கு."

"ஜிப்பை இனிமே தொடாதம்மா. இன்னிக்குப் பிள்ளை வருது."

அம்மா டம்ளரை மகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெரியவள் அதைத் தொடவில்லை. ஆவி எழுந்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் இதே கூடத்தில், அப்பா வேலை முடிந்து வெள்ளை வெளேரென்று வந்து நிற்பார். அவளும் தம்பியும் ஓடிப்போய் அவர் சட்டையில் தொப்புத்தொப்பென்று அடிப்பார்கள். புகை மாதிரி தூள் கிளம்பும். யார் அடித்தால் அதிகம் கிளம்புகிறது என்று போட்டி. அப்பா சிரிப்பார், சிரிப்பு இருமலாக முடியும். அவர்கள் இருவரும் இன்னும் பலமாக அடிப்பார்கள். ஈரத்துணி அவள் கைக்கு எங்கிருந்து வந்தது என்று கொத்தனார்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒன்றரை மணிக்கு ஃபேன் சத்தம் நின்றது.

கரண்ட் போயிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தாள். கூடத்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

குழிந்திருந்த திரை தொங்கியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவளைப் பார்த்து உப்பியது. உள்ளே யாரோ மூச்சை இழுத்து இந்தப் பக்கம் விடுவது போல. ஜிப்பின் ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில், தூள் இழையிழையாகக் கூடத்துக்குள் வருவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

இருமல் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஹ்ம்ம்.

*

மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, ஈரச் சாக்கைத் திரையின் அடியில் திணித்து, ஜிப்பைத் திறந்து உள்ளே போய் மூடினாள். செத்தாலும் ஜிப்பை மூடாமல் போக மாட்டாள் அவள்.

பின்வாசல் கதவு பாதி திறந்திருந்தது. வெளிக்காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. வெயிலில் தூள் மிதந்தது. பாக்கிச் சுவரின் கீழே, காலை நீட்டி, அவர் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் வெள்ளை. கண் மூடியிருந்தது. பின்னந்தலை அந்த எண்ணெய் வட்டத்துக்குள் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது.

"அப்பா" என்றாள் பெரியவள்.

கண் திறந்தது.

"அக்கா?"

சின்னவன்.

சுவர்ப் பொடி தலையில் உதிர்ந்து அவனை வெளுக்க வைத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், இருமல் உட்கார வைத்தது.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போகலயா?" என்றான்.

அவள் முதலில் கதவைச் சாத்தினாள். ஃபேனைப் போட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"எத்தனை நாளா?"

"வேலை ஆரம்பிச்ச மறுநாள்லேருந்து. அப்பாவோட பின்வாசல் சாவி எங்கிட்டதான் இருக்கு."

"ஃபேனை ஏன் நிறுத்துறே?"

"அது ஓடினா கதவு படார்னு சாத்திக்குது. அம்மாவுக்குக் கேட்டுடும்னு... போறப்போ போட்டுட்டுத்தான் போவேன். சுத்தியல் அடிக்காத நேரம்தானே, தூசி எங்கேருந்து வரப்போகுது?"

"மடையா! அடிக்கறப்போ வர்றது கண்ணுக்குத் தெரியும்டா. கொல்றது அப்புறமா மிதக்குதே, அது. கதவைத் திறந்து, ஃபேனை நிறுத்தி, காத்தை வீட்டுக்குள்ள தள்ளி விட்டிருக்கே. பன்னெண்டு நாளா உம் பிள்ளை ரூமுக்கு நீதான் தூசி அனுப்பியிருக்கே. நான் செத்துப்போனவரைச் சந்தேகப்பட்டுட்டிருக்கேன்!"

அவன் தலையிலிருந்த பொடியைத் தட்டப் போனான், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை நேரத்துல இங்க என்ன வேலை உனக்கு?"

"வேலை இல்லக்கா. பட்டறையில எல்லாருக்கும் நெஞ்சுல படம் எடுத்தாங்க. எனக்கு மட்டும் தனியாக் கூப்பிட்டு ஒரு கவரைக் குடுத்து, பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வான்னுட்டாங்க." சட்டைக்குள்ளிருந்து நீளமான காகித உறை ஒன்றை எடுத்தான். வியர்வையில் நனைந்து காய்ந்து முறுக்கியிருந்தது. ஒட்டியது பிரிக்கவே இல்லை. "வீட்டுல யார்கிட்ட சொல்றது? அவ புள்ளைக்குப் பக்கத்துல தூங்காம உக்காந்திருக்கா. காலையில கிளம்பி சும்மா சுத்துவேன். மதியம் நிக்க எடம் இருக்காது. இங்க வந்துடுவேன்."

"இங்க ஏண்டா? இந்தத் தூசியில?"

"படுத்தா மூச்சு முட்டுதுக்கா. இந்தச் சுவத்துல சாஞ்சா முட்டல."

பெரியவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. மாஸ்க்குக்குள்ளேயே அழுதாள். அப்பா நெஞ்சில் தூள் ஏறிய வருஷங்களில் அவரைக் காப்பாற்றத் தெரியவில்லை, அப்போது சின்னப்பெண். ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் மூக்கைக் காப்பாற்றினாள். சொந்தத் தம்பி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாவாக மாறிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எழுந்திரு" என்றாள் கடைசியில். "அஞ்சு மணிக்கு உம் பிள்ளை வீட்டுக்கு வரான்."

அவன் அவளைப் பார்த்தான். சந்தோஷப்படலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தான்.

*

மூன்றரை மணி நேரம் இருந்தது. சின்னவனைப் பின்பக்கக் குழாயடிக்கு விரட்டி, தலையோடு தண்ணீர் ஊற்ற வைத்தாள். போட்டிருந்த துணியை ஈரத்தோடு பையில் கட்டினாள். கொத்தனார் வந்ததும் பின்வாசலை வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டச் சொன்னாள். கூடத்தையும் பிள்ளை அறையையும் கூரையிலிருந்து தரை வரை மறுபடி துடைத்தாள். வேக்குவம் கிளீனர், ஈரத்துணி, காத்திருப்பு, மறுபடி ஈரத்துணி. வாளியில் தண்ணீர் தெளிகிறவரை விடவில்லை.

நாலே முக்காலுக்குக் கறுப்புக் கல்லில் விரலை இழுத்தாள். கோடு விழவில்லை. திரை பின்னறைப் பக்கம் குழிந்து, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது.

உறை அவள் இடுப்பில் செருகியிருந்தது. நாளை காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர். அதுவரை பிரிப்பதில்லை, யாரிடமும் சொல்வதில்லை என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் மட்டும் அந்த வீடு சிரிக்கட்டும் என்று அவள் நினைத்தாள்.

ஐந்தேகாலுக்குக் கார் வந்தது. துணிமூட்டைக்குள் ஒரு முகம், ஒரு கைப்பிடி அளவு. தம்பி மனைவி வலது காலை வைத்ததும் முதல் வேலையாக மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது நம்ம வீடுதானா? ஆஸ்பத்திரியை விடச் சுத்தமா இருக்கு." கணவனைப் பார்த்தாள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். "அங்க ஏன் நிக்கிறீங்க? வந்து தூக்குங்க. நாப்பத்தொரு நாளாக் கண்ணாடி வழியாவே பாத்தீங்களே."

"கை சில்லுனு இருக்கு. கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றான். அவன் பார்வை மட்டும் உள்ளே போய்ப் பிள்ளை மேல் உட்கார்ந்தது.

அம்மா பேரனை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் வெந்நீர் டம்ளர். பெரியவளுக்குத் திக்கென்றது. ஆனால் அம்மா திரைப் பக்கம் போகவில்லை. நேரே வாசற்படிக்கு வந்தாள்.

"மூஞ்சி ஏன்டா இப்படி வெளுத்துக் கெடக்கு? இந்தா, சூடா குடி."

சின்னவன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். கண் பிள்ளையை விட்டு அகலவில்லை. கை தன்போக்கில் இறங்கி, காலி டம்ளரைப் படிக்கட்டில் வைத்தது.

கவிழ்த்து வைத்தது.

பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். டம்ளரை நிமிர்த்தி வைத்தால் அடுத்த வாய் தண்ணீரில் கல் தூள்தான் இருக்கும். அப்பா அதைப் பட்டறையில்தான் கற்றார். சின்னவனும் அங்கேதான் கற்றிருக்கிறான். எப்போது கற்றான் என்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அம்மா டம்ளரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் பன்னிரண்டு நாளாக இருந்த வெளிச்சம் அணைவதைப் பெரியவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அப்போ அவரு வரவே இல்லையா?" என்றாள் அம்மா.

அம்மா படிக்கட்டில் கையூன்றி உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ ஒன்று மெல்லப் பிடிபட, நிமிர்ந்து மகன் நெஞ்சைப் பார்த்தாள்.

"அப்போ இருமினது?"

"யாரு இருமினது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் தம்பி மனைவி, பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு. "அண்ணி, அத்தை என்ன கேக்குறாங்க? வீட்டுல யாருக்கு இருமல்?"

பெரியவளின் கை இடுப்பில் இருந்த உறையின் மேல் போய் நின்றது.